பழைய துப்பாக்கிக்குப் புதிய தோட்டா

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்டு இத்தாலியரான செர்ஜியோ லியோனி எடுத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' என்னும் திரைப்படம் 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதை நடக்கும் ஆண்டு 1862. இடம் நியூ மெக்சிகோ. கதாநாயகனாக வரும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் கையில் இருப்பது 1851ஆம் ஆண்டு மாதிரியான கோல்ட் ரிவால்வர். ஆண்டுக் கணக்கில் தவறில்லையே என்று தோன்றும். ஆனால் அத்துப்பாக்கி உலோகத் தோட்டாவுக்காக மாற்றியமைக்கப்பட்டது. பிழை அங்கேதான் இருக்கிறது. பின்புறமாகத் தோட்டா போடும்படி தன் பழைய ரிவால்வர்களை மாற்றும் வேலையைக் கோல்ட் கம்பெனி 1871ஆம் ஆண்டில்தான் தொடங்கியது.

திரைப்படத்தில் பத்தாண்டுப் பிழை பெரிதன்று. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 1862ஆம் ஆண்டில் ரிவால்வர் இருந்தது. உலோகத் தோட்டாவும் இருந்தது. ஒன்றை மற்றொன்றுக்குப் பொருத்தும் தொழில் திறமை அமெரிக்கப் பட்டறைகளில் நிறையவே இருந்தது. அப்படியிருந்தும், நான்காண்டுக் காலம் ஒரு நாடு தனக்குள் போரிட்டபோது, குதிரைப்படை வீரன் மருந்தையும் குண்டையும் தனித்தனியே இடித்து நிரப்பிக்கொண்டிருந்தது ஏன்? விடை ஆயுதசாலையில் இல்லை. பேட்டண்ட் அலுவலகத்தில் இருக்கிறது.

இடித்து நிரப்பும் முறை

முதலில் பழைய ரிவால்வர் எவ்வாறு வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம். அதன் நடுவே சுழலும் உருளை ஒன்று உண்டு. உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் கிணறு போன்றது. முன்புறம் திறந்திருக்கும், பின்புறம் அடைத்திருக்கும். அடைத்த பக்கத்தில் ஊசித்துளை உள்ள ஒரு சிறு காம்பு துருத்திக்கொண்டிருக்கும். சுடுகிறவன் அறையின் முன்வாயில் வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலின் அடியில் தொங்கும் நெம்புகோலால் இடித்து இறுக்க வேண்டும். இப்படியே ஆறு அறைகளுக்கும் செய்து முடித்தபின், பின்னாலுள்ள ஆறு காம்புகளின் தலையிலும் கேப்பு எனப்படும் செப்புத் தொப்பிகளை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். சுத்தி அந்தத் தொப்பியைத் தட்டும்போது தீப்பொறி ஊசித்துளை வழியே உள்ளே பாய்ந்து மருந்தைக் கொளுத்தும்.

தட்டினால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியாரான அலெக்சாந்தர் ஃபோர்சைத். 1807ஆம் ஆண்டில் அவர் அதற்குப் பேட்டண்ட் பெற்றார். பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியின் ஒளி முந்திக்கொள்ள, பறவைகள் பறந்துவிடுகின்றன என்ற வேட்டைக்காரரின் குறைதான் அந்தப் பாதிரியாரை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது என்பது சுவையான செய்தி.

மருந்தையும் குண்டையும் எரிந்துபோகும் தாளில் சேர்த்துச் சுருட்டிய பொட்டலங்களும் பின்னர் வந்தன. அவற்றால் வேலை சற்றே குறைந்தது, தொல்லை தீரவில்லை. ஓடும் குதிரையின் மேல் உட்கார்ந்து, நடுங்கும் விரலால் ஆறு தொப்பிகளை மாட்டுவது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்க்கலாம். தாள் நனைந்தால் பயனில்லை. தொப்பி நழுவினால் அந்த அறை வெறும் அறை. ஆகவே, மீண்டும் நிரப்புவதைவிட நிரப்பிய ரிவால்வர்கள் இரண்டு மூன்றைச் சுமந்து செல்வதே மேல் என்று பலர் கருதினார்கள்.

உலோகத் தோட்டா இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒரே கூட்டுக்குள் அடக்கிவிட்டது. மருந்து, குண்டு, தட்டினால் வெடிக்கும் பொருள் ஆகிய மூன்றும் செப்புக் கூட்டுக்குள் இருக்கும். வெடிக்கும்போது கூடு சற்று விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் புகையும் நெருப்பும் பின்னால் வருவதில்லை. அப்படியானால் உருளையின் பின்புறச் சுவர் எதற்கு? கிணற்றின் அடியைத் திறந்து, அறையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவத் துளைத்துவிட்டால் தோட்டாவைப் பின்னாலிருந்தே போடலாம், பின்னாலேயே எடுக்கலாம். எண்ணிப் பார்த்தால் மிக எளிய காரியம். பிரான்சு நாட்டில் லெஃபோஷே துப்பாக்கி இவ்வாறே அமைந்திருந்தது. அந்நாட்டுக் கடற்படை 1858ஆம் ஆண்டிலேயே அதை ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் அந்தத் துளைக்கு ஓர் உரிமையாளர் இருந்தார்.

ரோலின் ஒயிட்டின் துளை

ரோலின் ஒயிட் 1817ஆம் ஆண்டில் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்ட்ஃபர்ட் நகரிலிருந்த சாமுவேல் கோல்ட்டின் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழில் செய்தவர். அவர் தமது கருத்தைக் கோல்ட்டிடம் காட்டினார் என்றும், கோல்ட் அதை எள்ளி நகையாடி அனுப்பிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படும் கதையை விட்டுவிட்டுப் பத்திரத்தைப் பார்ப்போம். 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஒயிட்டுக்குப் பேட்டண்ட் வழங்கப்பட்டது. அக்காலச் சட்டப்படி அதன் ஆயுள் பதினான்கு ஆண்டுகள்.

அந்தப் பத்திரத்தில் ஒயிட் வரைந்து காட்டிய துப்பாக்கி வேடிக்கையானது. உலோகத் தோட்டாவை எண்ணி அது அமைக்கப்படவில்லை. அப்படியே செய்து சுட்டுப் பார்த்திருந்தால் அது எவருக்கும் பயன்பட்டிருக்காது. ஆனால் அவர் கோரிய உரிமைகளுள் ஒன்று, அறைகள் முனையிலிருந்து முனைவரை ஊடுருவத் துளைக்கப்பட்ட உருளையைப் பற்றியது. அந்த ஒரு வாசகம்தான் பொன்னாக விளைந்தது.

விளைச்சலைக் கண்டவர்கள் ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்னும் இருவர். சிறிய உலோகத் தோட்டாவைச் சுடும் ரிவால்வர் ஒன்றைச் செய்ய அவர்கள் முனைந்திருந்தார்கள். கோல்ட்டின் பழைய பேட்டண்ட் 1857ஆம் ஆண்டில் முடிவடையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயத்தம் செய்யும்போதுதான் ஒயிட்டின் பத்திரம் குறுக்கே நிற்பதைக் கண்டார்கள். 1856ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வெஸ்ஸன் அவருக்குக் கடிதம் எழுதினார். நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. துப்பாக்கி ஒன்றுக்கு ஒயிட் பெறுவது கால் அமெரிக்க வெள்ளி. இதற்கு மாறாக, உரிமையை மீறுகிறவர்கள்மீது வழக்காடும் பொறுப்பும் செலவும் ஒயிட்டையே சேரும்.

கையெழுத்திடும் நாளில் ஒயிட்டுக்கு அந்த இரண்டாவது நிபந்தனையின் பாரம் தெரிந்திருக்காது. வெஸ்ஸனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இங்கே கோல்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1836ஆம் ஆண்டில் தாம் பெற்ற அமெரிக்கப் பேட்டண்டைக் கொண்டு அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் மற்றவர்களை அண்டவிடாமல் தடுத்துவந்தவர். 1851ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனிமீது வழக்குத் தொடுத்து வென்றவர். தம் உரிமைக் காலத்தை நீட்டித்தும் பெற்றவர். அவர் 1862ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். அவருடைய கம்பெனி அடுத்த ஏழு ஆண்டுகள் பிறர் கையிலிருந்த பத்திரம் ஒன்றுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது.

போர்க்காலம்

1861ஆம் ஆண்டில் போர் மூண்டது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியிடம் இருந்தவை இரண்டு வகைச் சிறு ரிவால்வர்கள். ஒன்று 22 புள்ளி விட்டம், அதாவது அங்குலத்தின் நூறு பங்கில் இருபத்திரண்டு, மற்றொன்று 32. அதிகாரிகளும் வீரர்களும் தங்கள் சொந்தப் பணத்தில் அவற்றைப் போட்டியிட்டு வாங்கினார்கள். ஆனால் படைக்கு வேண்டியது 44 புள்ளி விட்டமுள்ள பெரிய ரிவால்வர். அத்தகையதை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் செய்யவில்லை. செய்யக்கூடிய கோல்ட்டும் ரெமிங்டனும் துளை போடக் கூடாது. ஆகவே அரசாங்கம் கோல்ட்டிடமிருந்து இலட்சத்துக்கு மேலும், ரெமிங்டனிடமிருந்து இலட்சத்துக்கு மேலும், இடித்து நிரப்பும் ரிவால்வர்களையே வாங்கிக் குவித்தது.

பெரிய தோட்டாவுக்கு ஏற்ற வலுவான செப்புக் கூடு அக்காலத்தில் இல்லை. ஆகவே பேட்டண்டைக் குறை கூறுவது சரியன்று என்று வாதிப்போர் உண்டு. இந்த வாதம் முழுதும் நிற்காது. 44 புள்ளித் தோட்டாவைச் சுடும் ஹென்றி துப்பாக்கியும், அதனினும் பெரிய தோட்டாவைச் சுடும் ஸ்பென்சர் துப்பாக்கியும் அதே போரில் பயன்பட்டன. தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கிக்குக் கிடைத்த தோட்டா, இடுப்பில் தொங்கும் துப்பாக்கிக்கு மட்டும் கிடைக்காமல் போயிருக்க வேண்டியதில்லை.

தடையை மீறியவர்கள் பலர். மூர், வார்னர், பாண்ட், பேக்கன் ஆகியோரின் கம்பெனிகள் துளையிட்ட உருளையோடு ரிவால்வர் செய்து விற்றன. ஒயிட் வழக்குத் தொடுத்தார். தோற்றவர்கள், ஸ்மித் அண்டு வெஸ்ஸனுக்காகச் செய்யப்பட்டது என்று தங்கள் துப்பாக்கியின் மேலேயே பொறிக்க வேண்டியதாயிற்று. ஈதன் ஆலன் என்பவர்மீது நடந்த வழக்குதான் முதன்மையானது. 1863ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் வட்டார மன்றத்தில் ஒயிட் வென்றார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால் கீழ்மன்றத் தீர்ப்பே நிலைத்தது. நூலிழையில் தப்பிய உரிமை என்று சொல்லலாம்.

மீறத் துணியாதவர்கள் சுற்றுவழி தேடினார்கள். அந்தச் சுற்றுவழிகளைப் படிக்கும்போது, சுங்கச் சாவடியைத் தவிர்க்க வயல்வரப்பில் வண்டி ஓட்டும் வண்டிக்காரன் நினைவுக்கு வருகிறான். மூர் கம்பெனி, அடியில் சிறு முலை போன்ற முனையுள்ள தோட்டாவைச் செய்தது. அதை முன்புறமாகப் போட்டால் அந்த முனை மட்டும் பின்சுவரின் சிறு துளை வழியே எட்டிப் பார்க்கும். முழுத்துளை இல்லை, ஆகவே குற்றமில்லை! பிளான்ட் கம்பெனி, அடிப்புறம் கிண்ணம்போல் குழிந்த தோட்டாவை முன்புறமாகவே போடச் செய்தது. புரூக்ளின் நகரத்துக் கம்பெனி ஒன்று, ஸ்லோகம் என்பவரின் முறைப்படி, உருளையின் பக்கவாட்டில் திறந்து முன்னே தள்ளும் அறைகளை அமைத்தது. இவ்வளவு கூர்த்த மதியும் ஒரு துளையைப் போடாமல் இருப்பதற்காகச் செலவாயிற்று.

ஒயிட்டும் சும்மா இருக்கவில்லை. லோவல் நகரில் அவர் பெயரிலேயே ஒரு துப்பாக்கிக் கம்பெனி எழுந்தது. 1864இல் அது கைமாறி வேறு பெயர் பெற்றதும், அதே துப்பாக்கியை உரிமையின்றிச் செய்யத் தொடங்கியது. தம் பெயரில் பிறந்த கம்பெனியின்மீதே ஒயிட் வழக்காட வேண்டி வந்தது.

1869ஆம் ஆண்டு ஏப்ரல் 3

பதினான்கு ஆண்டுகளில் ஒயிட்டுக்குக் கிடைத்த உரிமைப் பணம் ஏறத்தாழ 71,000 வெள்ளி. துப்பாக்கி ஒன்றுக்குக் கால் வெள்ளி என்று கணக்கிட்டால், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளின் பங்கு அது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் சம்பாதித்ததோ பல மடங்கு. ஒயிட்டின் பணத்தில் பெரும்பகுதி வழக்கறிஞர்களுக்குப் போய்விட்டது. ஆகவே உரிமையை நீட்டிக்க வேண்டுமென்று அவர் விண்ணப்பித்தார். பேட்டண்ட் அலுவலகம் மறுத்தது. அவர் காங்கிரஸ் சபையை நாடினார். அவருக்கு நிவாரணம் அளிக்கும் மசோதா இரு சபைகளிலும் நிறைவேறியது.

அப்போது குடியரசுத் தலைவராயிருந்தவர் யுலிசிஸ் கிராண்ட். போரில் வடமாநிலப் படைகளுக்குத் தலைமை தாங்கிய அதே கிராண்ட். 1870ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் மசோதாவைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். படைக்கலத் துறைத் தலைவர் டையர் எழுதிய கடிதத்தையும் அதனோடு இணைத்தார். மற்ற உற்பத்தியாளர்கள் இந்தப் பேட்டண்டைப் பயன்படுத்த இயலாமல் போனதால் போர்க்காலத்தில் அரசாங்கம் இடர்ப்பட்டது. ஏற்கெனவே போதிய பலன் பெற்றவர்களுக்கு மேலும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது அக்கடிதத்தின் சாரம்.

டையரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் போதிய பலன் பெற்றவர் யார் என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். பலன் பெற்றது கம்பெனி. தண்டனை பெற்றது ஒயிட். அவருடைய பிந்திய முயற்சிகளும் பலிக்கவில்லை. 1892ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

மாற்றிய துப்பாக்கிகள்

உரிமைக் காலம் முடியுமுன்பே ஒருவர் நேர்வழியில் நுழைந்தார். 1868ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனி ஸ்மித் அண்டு வெஸ்ஸனுக்கு உரிமைப் பணம் செலுத்தி, தன் 44 புள்ளி ரிவால்வர்களில் சுமார் 4,500ஐ உலோகத் தோட்டாவுக்கு மாற்றியது. ஆறு அறைகள் இருந்த இடத்தில் ஐந்து அறைகளுள்ள புதிய உருளை வைக்கப்பட்டது. தோட்டா பருமனானது என்பதே காரணம். இவை சின்சினாட்டி நகர வணிகர் கிட்ரெட்ஜ் வழியே விற்பனைக்குப் போயின.

கோல்ட் கம்பெனி பணம் கொடுக்க விரும்பவில்லை. அதன் பணியாளர் அலெக்சாந்தர் தூயர் 1868ஆம் ஆண்டு செப்டம்பரில் பேட்டண்ட் பெற்ற முறையில், அடி குறுகிய தோட்டா முன்புறமாகவே இடித்துப் போடப்பட்டது. உருளைக்குப் பின்னால் ஒரு வளையம். அதைச் சற்றுத் திருப்பிச் சுத்தியைத் தட்டினால் சுட்ட கூடு முன்பக்கமாக வெளியே பாயும். வேண்டுமானால் பழைய உருளையை மாட்டி மருந்தும் கேப்பும் போட்டுச் சுடலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் செய்யப்பட்டவை சுமார் 5,000. உரிமைத் தடை நீங்கிய பின் அதை யார் வாங்குவார்கள்?

தடை நீங்கியபோது நாட்டின் நிலை இதுதான்: படைக் கிடங்குகளில் இடித்து நிரப்பும் ரிவால்வர்கள் மலைபோல் கிடந்தன, கோல்ட்டின் தொழிற்சாலையிலும் செய்து முடித்த பாகங்கள் தேங்கியிருந்தன. போர் முடிந்த அரசாங்கத்திடம் புதியன வாங்கத் தாராளமாகப் பணம் இல்லை. பிரிட்டன் 1866ஆம் ஆண்டில் தன் என்ஃபீல்டு துப்பாக்கிகளை ஸ்னைடர் முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் படையும் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளை அவ்வாறே மாற்றியிருந்தது. ரிவால்வருக்கும் அதே வழி.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் சார்லஸ் ரிச்சர்ட்ஸ். துப்பாக்கித் தொழில் அவருடைய முதற்புகழ் அன்று. நீராவி இயந்திரத்தின் உருளைக்குள் அழுத்தம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் கருவியை அமைத்தவர் அவர். 1862ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அக்கருவி புகழ்பெற்றது. பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியரானார். இத்தகையவர் பழைய ரிவால்வரை எடுத்துக்கொண்டு, எதை விட்டுவைக்கலாம், எதை நீக்க வேண்டும் என்று ஆராய்ந்தார். காம்புகள் நிறைந்த உருளையின் பின்பகுதி போயிற்று. அவ்விடத்தில் ஒரு வளையத் தட்டும், தோட்டா போடுவதற்குச் சிறு கதவும் வந்தன. இடிக்கும் நெம்புகோல் போயிற்று. சுட்ட கூட்டைத் தள்ளும் கம்பி வந்தது. 1871ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் அவர் பேட்டண்ட் பெற்றார். அரசாங்கம் 1860ஆம் ஆண்டு மாதிரி ரிவால்வர்களில் சுமார் 1,200ஐ இம்முறைப்படி மாற்றித் தரும்படி கோல்ட்டிடமே திருப்பி அனுப்பியது.

அடுத்து வந்தவர் வில்லியம் மேசன். ரிச்சர்ட்ஸின் அமைப்பை அவர் மேலும் எளிதாக்கினார். 1872ஆம் ஆண்டு ஜூலையில் அவருக்கும் பேட்டண்ட் கிடைத்தது. மாற்று வேலையில் கற்ற பாடங்களை வைத்துக்கொண்டு முழுதும் புதிய ரிவால்வர் ஒன்றை உருவாக்கினார்கள். அதுவே 1873ஆம் ஆண்டில் படை ஏற்றுக்கொண்ட 45 புள்ளி கோல்ட். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் கம்பெனி, மீந்த பழைய பாகங்களைக் கொண்டு மாற்றிய ரிவால்வர்களைக் குறைந்த விலைக்கு விற்றுத் தீர்த்தது.

நகல்களின் காலம்

1950களின் இறுதியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, பழைய ரிவால்வர்களின் நகல்களுக்குத் தேவை பிறந்தது. வால் ஃபார்ஜெட் என்னும் அமெரிக்க வணிகர் இத்தாலியின் கார்தோனே பகுதித் துப்பாக்கிப் பட்டறைகளை நாடினார். அங்கே ஆல்டோ உபெர்ட்டி போன்றோர் 1851ஆம் ஆண்டு மாதிரி கோல்ட்டை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். அசலைப் போலவே மருந்தும் குண்டும் கேப்பும் போட்டுச் சுடும் நகல்கள். லியோனியின் படத்துக்கு முன்பே அவை கடைக்கு வந்துவிட்டன. பிற்காலத்தில் ரிச்சர்ட்ஸும் மேசனும் மாற்றிய வடிவத்தின் நகல்களும், நகலில் மாட்டும் தோட்டா உருளைகளும் வந்தன. தோட்டா நுழைந்துவிட்டது என்பதற்காக எந்தத் தோட்டாவையும் போடலாகாது. கரும்பொடி மருந்தின் மெல்லிய வேகத்துக்கு அமைந்த உடம்பு, 1884ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வியேய் கண்டுபிடித்த புகையில்லா மருந்தின் முழு வேகத்தைத் தாங்காது.

1968ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை பழம்பொருள்கள். அவற்றின் நகல்களும், வழக்கமான உலோகத் தோட்டாவைச் சுடாதவரை, பழம்பொருள்களே. துப்பாக்கிக்குரிய மத்திய அரசின் கட்டுப்பாடுகள் அவற்றுக்கு இல்லை. தோட்டாவுக்கென மாற்றியமைத்த நகலுக்கு அந்த விலக்குக் கிடையாது. ரோலின் ஒயிட்டின் பத்திரம் காலாவதியாகி ஒரு நூற்றாண்டு ஆகப்போகும் வேளையில், உருளையை ஊடுருவும் துளை அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் மறுபடியும் ஓர் எல்லைக்கோடாக வந்து சேர்ந்தது.